நாலாவது கியருக்கு மேலே

எங்க பக்கத்துல காத்து மேற்கேருந்துதான் அடிக்கும். இன்னிக்கு நேத்து இல்ல, எங்க அப்பன் பாட்டன் காலத்துலேருந்து. அந்தக் காத்துக்கு எதிர்த்தாப்புல, என் சமையல் ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு, டெல்பர்ட்டோட பழைய பிக்கப்ல போனீங்கன்னா காதுல ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். இன்ஜின். ரேடியோ பாடுதா இல்லையான்னு தெரியணும்னா அது மேல கைய வச்சுத்தான் பாக்கணும்.

டெல்பர்ட் என் வீட்டுக்காரரு. வண்டி அவருது, ட்ரெய்லர் என்னுது. வசந்தம் பொறந்ததுலேருந்து பனி கொட்டுற வரைக்கும் எங்களுக்கு வாரம் ஒரு மாட்டு ஏலம். எங்க நெப்ராஸ்கா மாநிலம் முச்சூடும் சுத்தி, ஏலக் கொட்டகை வாசல்ல ட்ரெய்லரை நிறுத்தி, முட்டைகோசும் கறியும் அடைச்ச பன்னு, செர்ரிப் பழம் உள்ள வச்சுச் சுட்ட பைங்கிற பலகாரம், காபின்னு விப்போம். மாடு வாங்க வர்றவன் பாதி, இந்த லவோன் சுட்ட பன்னு தின்ன வர்றவன் பாதி. இதை நானா சொல்லல. ஏலம் கூவுற ஆளே மைக்ல சொன்னது.

வியாபாரத்துல குறை இல்ல. குறையெல்லாம் வண்டிக்குள்ளதான். வீட்டுல இருக்கிற நாள்ல மனுஷன் விடியறதுக்கு முன்னாடியே வேலி பாக்கக் கிளம்பிடுவாரு. பொழுது சாஞ்சு வந்தா சாப்பாடு, அப்புறம் நாற்காலியிலேயே தூக்கம். நாங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு, பக்கத்துல பக்கத்துல உக்கார்ற இடம் அந்த வண்டி ஒண்ணுதான். அங்கயும் வாயத் திறந்தா கத்தணும். கத்திக் கத்திப் பேசினா அதுக்குப் பேரு பேச்சா? சண்டை. எனக்கு என் புருஷன்கூட நாலு வார்த்தை பேசணும். இது என்ன நிலாவைக் கேக்குற மாதிரி ஆசையா?

அந்த வண்டிக்கு நாலு கியரு. முதல் கியரு சேத்துல சிக்கினா தள்ளத்தான் ஆகும், மிச்சம் மூணு. நாலாவதைப் போட்டாச்சுன்னா அதுக்கு மேல ஏற எடமில்ல. ரோடு மட்டும் நீண்டுக்கிட்டே போகும், இன்ஜின் "இன்னொரு கியரு குடு, இன்னொரு கியரு குடு"ன்னு அலறிக்கிட்டே வரும்.

என் தங்கச்சி கொரின் போன வருஷம் புது வண்டி வாங்கினா. எத்தனை கியருன்னு அவளுக்கே தெரியாது, எல்லாம் தானே மாறிக்கும். ஒருநாள் என்னை ஏத்திக்கிட்டுப் போனா. குசுகுசுன்னு பேசினாக்கூடக் கேக்குது.

"அக்கா, பேசாம உன் ட்ரெய்லரை என் வண்டியில மாட்டு. ரெண்டு பேரும் பாதிப் பாதி. சிரிச்சுப் பேசிக்கிட்டே போவோம்"னா.

ஒருநாள் காலையில முட்டை பொரிச்சுக்கிட்டே டெல்பர்ட்கிட்ட சொல்லிட்டேன். "யோவ், இங்க பாரு. இந்த சீசன் தொடங்குறதுக்குள்ள அந்த வண்டியில மனுஷக் குரல் கேக்கணும். என்ன கியரு மாத்துவியோ, ஏது மாத்துவியோ, உன்பாடு. இல்லேன்னா நான் கொரின் வண்டியில போயிடுவேன். நீ மாட்டைப் பாத்துக்கிட்டு வீட்டுல இரு."

மனுஷன் ரொட்டியில வெண்ணெய் தடவுறதை நிறுத்தினாரு. என்னைப் பாக்கல, ஜன்னலைப் பாத்தாரு.

"ம்"ன்னாரு.

அந்த "ம்"முக்குத்தான் நான் வாக்கப்பட்டிருக்கேன்.

எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தான், இவரு கொஞ்சம் ஜாஸ்தி. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துப் பேச மாட்டாங்க. பிக்கப்ல பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி விளிம்புல ஆளுக்கொரு பக்கம் முழங்கையை ஊணிக்கிட்டு, காலித் தொட்டிக்குள்ள எதையோ தொலைச்ச மாதிரி உத்துப் பாத்துக்கிட்டுப் பேசுவாங்க. பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டி செத்ததுக்கு இவரு துக்கம் விசாரிச்சதே அப்படித்தான். மூணு வார்த்தை, அதுவும் தொட்டியப் பாத்து.

மறுநாள் டெல்பர்ட் தானியக் கிடங்குல இருக்கிற காபி மேசைக்குப் போனாரு. எங்க ஊரு நாடாளுமன்றம் அது. யாரு காபிக்குக் காசு குடுக்கிறதுன்னு பகடை உருட்டிக்கிட்டே உலகத்துல இருக்கிற எல்லாத்துக்கும் தீர்ப்பு சொல்லிடுவாங்க. விஷயத்தைக் கேட்டதும் மேசை முழுக்க ஒரே குரல்: "இதுக்குப் போயி கியர் பாக்ஸை மாத்துவாங்களா? பின் அச்சுக்குள்ள இருக்கிற பல்சக்கரத்தை மாத்துப்பா. சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் குறைச்சலாச் சுத்தினாப் போதும். சத்தம் தானா அடங்கிடும். வேலையும் சின்ன வேலை."

சொன்னதோட விடல. ஆளுக்கு ஒரு ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு எங்க கொட்டகைக்கே வந்துட்டாங்க. ரெண்டு நாள் கொட்டகையில கூத்துதான். பல்சக்கரத்தை மாத்தி முடிச்சு, எல்லாரும் தொட்டியில ஏறி உக்காந்து, ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாங்க. அன்னைக்குன்னு பாத்துக் காத்தும் இல்ல.

"லவோன்! பூனை மாதிரிப் போகுது!"ன்னு ஒருத்தரு கத்தினாரு.

"ட்ரெய்லரை மாட்டிப் பாத்தீங்களா?"ன்னேன்.

ஆளாளுக்கு ஸ்பேனரைப் பொறுக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இங்க யாரும் வண்டிய சுமையோட ஓட்டிப் பாத்து வாங்குறதில்ல. தரை தட்டையா இருக்கு, ரோடு நேரா இருக்கு, காலி வண்டி நல்லா ஓடுச்சுன்னா சுமை வண்டியும் ஓடும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலதான் பாதிப் பேரு கிளட்ச் போயிருக்கு. இருந்தாலும் புத்தி வராது.

முதல் ஏலத்துக்குக் கிளம்பினோம். விடிஞ்சதும் வழக்கம்போல மேற்குக் காத்து பிச்சுக்கிட்டு அடிச்சுது. நாலாவது கியரைப் போட்டா வண்டி தம் கட்ட முடியாம முக்கி முனகுது. வேற வழியில்லாம மூணாவதுல போட்டாரு. மூணாவதுல போனா முன்னைவிடச் சத்தம்! கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

ஆத்துப் பாலத்தைத் தாண்டினா ஒரு ஏத்தம் உண்டு. எங்க பக்கத்துல மேடுன்னு சொல்லிக்க இருக்கிறது அது ஒண்ணுதான். பாதி ஏத்தத்துல முன்னாடி போன டிராக்டருக்காக நிறுத்தினாரு. திரும்ப எடுக்கிறாரு, வண்டி நகரல. முதல் கியருக்கும் பழைய மூச்சு இல்ல. கிளட்ச்லேருந்து கருகின நாத்தம், அடியிலேருந்து புகை. ட்ரெய்லர் மெதுவா எங்களைப் பின்னாடி இழுக்க ஆரம்பிச்சுது. டெல்பர்ட் பிரேக்ல ஏறி நின்னுட்டாரு. நான் குதிச்சு இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை வச்சேன். ட்ரெய்லருக்குள்ள ஒரு தட்டு பை சரிஞ்சு விழுந்த சத்தம் கேட்டுச்சு. ராத்திரி பூரா கொட்டை எடுத்து, மாவு பிசைஞ்சு, வேகவச்ச செர்ரி ஐயா அது!

அந்த நேரம் பாத்து, அதே ஏலத்துக்குக் கன்னுக்குட்டி வாங்கப் போன கொரின் பின்னாடி வந்து நிக்கிறா. சங்கிலியப் போட்டு, வண்டி ட்ரெய்லர் ரெண்டையும் சேத்து, ஒரு கையால ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே இழுத்து மேல விட்டுட்டா.

"என்ன மாமா, பூனை மாதிரிப் போகுதுன்னாங்களே? இது எந்த ஊருப் பூனை?"ன்னா.

டெல்பர்ட் சங்கிலியச் சுத்திக்கிட்டே, "ம்"ன்னாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துல, "அவருகிட்ட என்னத்தைக் கேக்குறே? எங்க வீட்டு ஊமைக்கோட்டான் வாயத் திறந்தா முத்து உதுந்துடும்"னேன். கொரின் விழுந்து விழுந்து சிரிச்சா. மனுஷன் சங்கிலியத் தொட்டியில போட்டுட்டு அந்தப் பக்கமாப் போயிட்டாரு.

கிளம்புறதுக்கு முன்னாடி கொரின் என் தோள்ல கையப் போட்டு, "அடுத்த ஏலத்துக்கு என்னோட வந்துடுக்கா. இன்னும் யோசிக்காதே"ன்னா. நான் வர்றேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. டெல்பர்ட் காதுல அது விழுந்துச்சு. நான் பாத்தேன்.

மறுநாள் காபி மேசைக்குப் போகாம நேரா மெக்கானிக் லூமிர் கோவாரிக் பட்டறைக்கு வண்டிய ஓட்டினாரு. நானும் கூடவே போனேன். இந்தத் தடவை ஆம்பளைங்க பேச்சை மட்டும் நம்பி விடறதா இல்ல. லூமிரும் டெல்பர்ட்டும் பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்பு. இவரு பேசாத பேச்சையெல்லாம் சேத்து வச்சு அவரு பேசுவாரு.

"டேய் டெல்பர்ட், காபி குடிக்கிற கும்பல்கிட்ட வைத்தியம் பாத்தியா? உன் தலையில மண்ணு வைக்க!"ன்னு ஆரம்பிச்சாரு. "பல்சக்கரத்தை மாத்தினா எல்லாக் கியருமே பலம் இழந்துடும்டா. சமமான ரோட்டுல சத்தத்தைக் குறைக்க, ஏத்தத்துல இழுக்குற தெம்பை வித்துட்டே. முதல்ல பழசையே திரும்பப் போடு."

"போட்டா பழைய அலறல் திரும்ப வந்துடுமே"ன்னேன்.

"வரும்மா. அதுக்குத்தான் ஓவர்டிரைவ். நாலாவதுக்கு மேல ஒரு படி. இன்ஜின் மெதுவாச் சுத்தும், வண்டி அதே வேகத்துல போகும். அதுல ரெண்டு தினுசு இருக்கு"ன்னு எங்களை உள்ள கூட்டிக்கிட்டுப் போனாரு.

ஒண்ணு, இருக்கிற கியர் பாக்ஸையே தூக்கிப் போட்டுட்டு அஞ்சு கியரு பாக்ஸ் வைக்கிறது. அஞ்சாவதுதான் ஓவர்டிரைவ். இன்னொண்ணு, பழைய நாலு கியரையும் அப்படியே விட்டுட்டு, அதுக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டியச் சேத்து வைக்கிறது. அதுக்கு ஒரு பொத்தான். அமுக்கினா எந்தக் கியர்ல இருந்தாலும் அரைப்படி ஏறும், அணைச்சா இறங்கும். பின் சக்கரத்துக்குப் போற நீளத் தண்டை வெட்டிக் குட்டையாக்கணும், அவ்வளவுதான்.

"எது நல்லது?"ன்னேன்.

"நான் சொல்ல மாட்டேன். சுமையே சொல்லும்"னாரு லூமிர். அவரு பட்டறையில அதான் சட்டம். கஸ்டமரோட சுமைய மாட்டி, ஆத்து ஏத்தத்துல ஏத்திப் பாக்காம எதையும் விக்க மாட்டாரு. நல்ல காத்தடிக்கிற நாளாப் பாத்துத்தான் வரச் சொல்லுவாரு. எங்க ஊர்ல அதுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்ல.

என் ட்ரெய்லரை முதல்ல அவரோட அஞ்சு கியரு வண்டியில மாட்டினோம். மூணு பேரும் முன்னாடி நெருக்கி உக்காந்தோம். அஞ்சாவது போட்டாரு, அடடா என்ன அமைதி! கொஞ்ச நேரம்தான். காத்து எதுத்து அடிச்சதும் வண்டி இளைச்சுது. நாலாவதுக்கு இறக்கினா அலறுது, அஞ்சாவதுக்கு ஏத்தினா முனகுது.

"பாத்தியா? நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கிறது படி இல்ல, பள்ளம். காலியா ஓட்டுறவனுக்கு இது சொர்க்கம். சுமை இழுக்குறவன் நாள் பூரா ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கியே கை வலிச்சுச் சாவான். அஞ்சாவதுலேயே வம்பா இழுத்தா பாக்ஸ் சூடேறிப் போயிடும்"னாரு லூமிர்.

அப்புறம் பொத்தான் பெட்டி வச்ச அவரோட இன்னொரு வண்டி. ஏத்தத்துல மூணாவது. கொஞ்சம் வேகம் பிடிச்சதும் பொத்தானை அமுக்கினாரு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு படி இருந்த மாதிரி வண்டி அதுல ஏறி நின்னுக்கிச்சு. முக்கலும் இல்ல, அலறலும் இல்ல. மேல போனதும் நாலாவது, திரும்பப் பொத்தான். லூமிர் சாதாரணமாப் பேசுறது எனக்குக் கேட்டுச்சு. ரொம்பவே கேட்டுச்சு, மனுஷன் வாய மூடவே இல்ல.

எனக்கு அப்பவே முடிவாயிடுச்சு. ஆனா வண்டி டெல்பர்ட்டுது. அவரு கைய நீட்டி அந்தப் பொத்தானை அணைச்சாரு, அமுக்கினாரு, அணைச்சாரு. புதுப் பொம்மை கிடைச்ச புள்ளை மாதிரி.

"என்னய்யா சொல்றே?"ன்னேன்.

"இதுவே இருக்கட்டும். வேணாம்னா அணைச்சுக்கலாம்"னாரு. அன்னைக்குப் பூரா அவரு பேசினது அது ஒண்ணுதான்.

விலை கொஞ்சம் கடிச்சுது, நான் மறைக்கல. ஆனா ஒரு பேச்சுக்குக்கூட வேணாம்னு சொல்லல மனுஷன். லூமிர்கூடவே வண்டிக்கு அடியில படுத்து, பழைய பல்சக்கரத்தைப் போட்டு, புதுக் கிளட்ச் போட்டு, பெட்டியப் பூட்டி, பொத்தானை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சாரு. அடுத்த ஏலத்தன்னைக்குக் காலையில கொரினுக்குப் போன் பண்ணி, "இன்னிக்கு ஒரு தடவை இவரோட வந்து பாக்குறேன். சரிப்படலேன்னா இனிமே உன்னோடதான்"னேன். டெல்பர்ட் கதவுகிட்ட பூட்ஸ் மாட்டிக்கிட்டு நின்னாரு.

கிளம்பினோம். காத்தும் வழக்கம்போலக் கிளம்புச்சு. பாலம் தாண்டி, ஏத்தம், மூணாவது, பொத்தான். வண்டி கும்முனு ஏறுச்சு. எனக்குக் கை தட்டணும்போல இருந்துச்சு, தட்டினேன். மேல வந்ததும் நாலாவது, திரும்பப் பொத்தான். பாத்திரம் கழுவுறதை நிறுத்தினா சமையக்கட்டு எப்படி இருக்கும், அப்படி ஆயிடுச்சு வண்டிக்குள்ள. டயர் உருளுற சத்தம்கூடக் கேக்குது.

"வெயிலு நல்லா இருக்குல்ல?"ன்னேன். கத்தாம. சும்மா, வீட்டுல பேசுற மாதிரி.

"ம்."

"கொரின் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

"ம்."

"லூமிர் வாய் வலிக்காதா, அப்படிப் பேசுறாரு?"

"ம்."

எத்தனையோ மைல் இதே பாட்டு. கேள்வி என்னுது, "ம்" அவருது. இத்தனை வருஷமா எங்களுக்கு நடுவுல சத்தம்தான் கிடக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சத்தத்தை எடுத்துப் போட்டாச்சு, அதுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்லையா? புருஷன் என்கிட்ட பேசாததுக்கு இன்ஜின் மேல பழி போட்டுக்கிட்டுத்தான் நான் குடும்பம் நடத்தியிருக்கேனா? ஏல ஊருக்குப் போனதும் கொரின்கிட்ட சரின்னு சொல்லிடணும்னு முடிவு பண்ணிட்டேன். மூஞ்சியத் திருப்பி வெளிய பாத்தேன். புல்லு, வேலி, தண்ணி இறைக்கிற காத்தாடி. கண்ணு நெறைஞ்சுது.

அப்பப் பாருங்க, மனுஷன் பொத்தானை அணைச்சாரு.

ஏத்தம் இல்ல. காத்துகூடக் கொஞ்சம் அடங்கியிருந்துச்சு. கண்ணுக்கெட்டின தூரம் நேர் ரோடு. எதுக்கு அணைச்சாருன்னு எனக்கு விளங்கல. இன்ஜின் பழையபடி அலற ஆரம்பிச்சுது. கோவத்துல திரும்பினேன். அவரு நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டிருக்காரு. தொப்பிக்குக் கீழ வாயி அசையுது.

அது அசையறதை நான் ஆயிரம் தடவை பாத்திருக்கேன். சூரியகாந்தி விதை மெல்லுறாருன்னு நெனச்சுப்பேன், எங்க பக்கத்துல வண்டி ஓட்டுறவன் எல்லாரும் அதைத்தான் மென்னு துப்புவான். ஆனா இன்னிக்கு விதைப் பொட்டலம் எங்க? டேஷ்போர்டு மேல இல்ல, மடியில இல்ல, துப்புற டப்பாகூட இல்ல. வாயி மட்டும் அசையுது. நிக்குது. யோசிக்குது. திரும்ப அசையுது.

நான் கைய நீட்டிப் பொத்தானை அமுக்கினேன்.

சத்தம் விழுந்துடுச்சு. அவரு குரல் மட்டும் நடுவுல அம்மணமா நின்னுச்சு.

"...கொரினோட போறேன்னா போன்னு சொல்லத்தான் பாக்குறேன், வாய் வர மாட்டேங்குது லவோன். நீ பக்கத்துல இல்லாம இந்த வண்டிய நான் யாருக்காக ஓட்டுறது? யாருகிட்ட இதையெல்லாம்..."

டக்குனு நிறுத்தினாரு. காது ரெண்டும் சிவந்துபோச்சு.

நான் முழுசா அவரு பக்கம் திரும்பி உக்காந்தேன்.

"எத்தனை வருஷமா?"ன்னேன்.

"என்ன?"

"எத்தனை வருஷமாய்யா இப்படிப் பேசிக்கிட்டு வர்றே?"

ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கல. "கல்யாணம் ஆனதுலேருந்து."

"அட பாவி மனுஷா! எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லையே!"

"அதனாலதான்"னாரு.

எங்க போயி முட்டிக்கிறது! எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. அந்த அலறல் போகணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கிறேன். அது போச்சுன்னா ஒளிஞ்சுக்கிட்டுப் பேச இடமில்லாமப் போயிடுமேன்னு இவரு தவிச்சிருக்காரு. அப்படியும் வண்டிக்கு அடியில போயிப் படுத்து, கையில கிரீஸ் பூசிக்கிட்டு, அந்தப் பெட்டிய அவரே பூட்டியிருக்காரு. நான் போயிடக் கூடாதுன்னு.

"சரி. நான் உன்னைப் பாக்க மாட்டேன்"னு சொல்லி ஜன்னல் பக்கமா நல்லாத் திரும்பி உக்காந்தேன். ஒரு கைய மட்டும் பொத்தான் மேல மூடி வச்சுக்கிட்டேன், திரும்ப அணைச்சிடப் போறாருன்னு. "வேலியப் பாத்துக்கிட்டிருக்கேன். நீ பேசு."

ஒரு காத்தாடி போச்சு. ஒரு மாட்டுத் தண்ணித் தொட்டி போச்சு. தொண்டையச் செருமினாரு.

"கொரின் முன்னாடி என்னை ஊமைக்கோட்டான்னு சொல்லாதே. எனக்குக் கஷ்டமா இருக்கு."

சுருக்குனு இருந்துச்சு. "சொல்ல மாட்டேன்"னு வேலிகிட்ட சொன்னேன். "அப்புறம்?"

"அப்புறம் நிறைய இருக்கு லவோன்."

ஏல ஊரு அங்கேருந்து கொஞ்ச தூரம்தான். மனுஷன் ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தாரு. பின்னாடி வந்த வண்டியெல்லாம் எங்களைத் தாண்டிப் போச்சு, கொரினும் ஹார்ன் அடிச்சுக்கிட்டே போனா. நாங்க போய்ச் சேந்தப்போ பாதி மாடு வித்துப்போயிருந்துச்சு.